அண்ணன் சம்பாத்தியம்

ஒரு குடும்பம். வீட்டில் எட்டுப் பத்துப் பேர். கை நிறையச் சம்பாதிக்கிறவன் மூத்த பிள்ளை ஒருவன்தான். ஒன்றாம் தேதி அவன் சம்பளம் வந்தால்தான் வீட்டு வாடகை, தம்பியின் காலேஜ் சம்பளம், தங்கையின் பாட்டு வாத்தியார், அப்பாவின் மருந்து எல்லாம் நடக்கும். இப்படி ஒரு குடும்பம் உங்கள் தெருவிலேயே இருக்கும். உங்கள் வீடாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இதில் ஒரு விசித்திரத்தைச் சேர்த்துக் கொள்ளுங்கள். சம்பாதிக்கிற அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு உண்டு, தங்க இடம் உண்டு, படிப்பு உண்டு. கையில் மட்டும் ஒரு காசு கொடுக்க மாட்டார்கள். கேட்டால், "பணம் கொடுத்தால் பையன் கெட்டுப் போவான்" என்பார்கள். ஆனால் அவனை வேலைக்குத் தயார் செய்த மாமா இருக்கிறாரே, அவர் மட்டும் பெரிய மோட்டாரில் பவனி வருகிறார்.

"நன்றாயிருக்கிறதே நியாயம்!" என்கிறீர்கள் அல்லவா? அமெரிக்காவின் பெரிய சர்வகலாசாலைகளில் விளையாட்டு இலாகா என்கிற குடித்தனம் பல காலமாக இப்படித்தான் நடந்து வந்தது. மூத்த பிள்ளையின் பெயர் புட்பால். நீச்சல், டென்னிஸ், ஜிம்னாஸ்டிக்ஸ், படகு வலித்தல், வாலிபால் ஆகியவை தம்பி தங்கைகள். பயிற்சியாளர்தான் மாமா.

அந்த வீட்டுக் கணக்கு நோட்டை இன்று கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். ஊரார் வீட்டுக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த வீட்டுப் பெண்களின் கதையும் அதில்தான் இருக்கிறது.

சனிக்கிழமைத் திருவிழா

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து விடுகிறேன். அமெரிக்காவில் புட்பால் என்றால் நம் பிள்ளைகள் தெருவில் உதைக்கிற உருண்டைப் பந்து அல்ல. முட்டை வடிவத்தில் ஒரு தோல் பந்து. அதைக் காலால் உதைப்பதைவிடக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். எதிராளிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள். தலையில் இரும்புக் குல்லாய் போன்ற கவசம், தோளில் அட்டைக் கவசம். பார்ப்பதற்கு நம் நாடகங்களில் வரும் வீரபாகு வேஷம்தான்.

அயோவா என்று ஒரு மாகாணம். சோளமும் பன்றிப் பண்ணையும் நிறைந்த விவசாய பூமி. அங்கே அயோவா சிடி என்ற சிறு நகரத்தில் இருக்கிறது அயோவா சர்வகலாசாலை. இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே போனால், கின்னிக் மைதானத்தில் ஏறக்குறைய 69,000 பேர் கூடியிருப்பார்கள். பக்கத்திலேயே சர்வகலாசாலையின் குழந்தைகள் ஆஸ்பத்திரி, பல மாடிக் கட்டடம். ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிந்ததும் மைதானத்திலுள்ள அத்தனை பேரும் எழுந்து, ஆஸ்பத்திரி ஜன்னல்களைப் பார்த்துக் கையை ஆட்டுவார்கள். மேலே ஜன்னலோரத்தில் நிற்கும் நோயாளிக் குழந்தைகள் பதிலுக்குக் கையை ஆட்டும். 2017-ல் தொடங்கிய வழக்கம் இது. எதிர்க் கட்சி ஆட்டக்காரர்களும் சேர்ந்து ஆட்டுகிறார்கள். கல் மனசும் கரையும்.

இத்தனை பேர் கூடும் இடத்தில் பணம் சேராதா? டிக்கெட் விற்பனை ஒரு வரவு. நல்ல இடத்தில் உட்கார வேண்டுமானால் டிக்கெட்டுக்கு மேல் நன்கொடை தர வேண்டும். அது இரண்டாவது வரவு. பெயர் பொறித்த சட்டை, தொப்பி, கம்பெனி விளம்பரங்கள் மூன்றாவது. எல்லாவற்றையும் தூக்கி அடிப்பது டெலிவிஷன். ஆட்டங்களைக் காட்டும் உரிமையை ஒரே சங்கமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அதிலிருந்து சர்வகலாசாலைகள் கூட்டுச் சேர்ந்து உரிமையைத் தாங்களே விற்கின்றன. அயோவா இருக்கும் கூட்டுக்குப் 'பிக் டென்' என்று பெயர். பெயரில்தான் பத்து; 2024 முதல் அங்கத்தினர்கள் பதினெட்டு! இந்தக் கூட்டு 2022-ல் செய்துகொண்ட ஏழு வருஷ டெலிவிஷன் ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல். டாலருக்கு எண்பது ரூபாய்க்கு மேல் என்று வைத்து நீங்களே பெருக்கிக் கொள்ளுங்கள். எனக்குத் தலை சுற்றுகிறது.

எங்கே போகிறது பணம்?

வரவைப் பார்த்தோம், செலவுக்கு வருவோம். ஒஹையோ மாகாண சர்வகலாசாலையின் விளையாட்டு இலாகாவுக்கு 2023-24 கணக்கு வருஷத்தில் 25 கோடி டாலருக்கு மேல் வருமானம். மீதி எவ்வளவு என்கிறீர்களா? மீதி இல்லை, 3 கோடியே 77 லட்சம் டாலர் பற்றாக்குறை! அந்த வருஷம் சொந்த மைதானத்தில் ஆடிய புட்பால் ஆட்டங்கள் வழக்கத்தைவிடக் குறைவு. மூத்த பிள்ளை ஒரு நாள் லீவு போட்டால் வீட்டில் அடுப்பு எரியாத கதைதான். அந்த வீட்டில் மொத்தம் 36 விளையாட்டு அணிகள். அவற்றில் பெரும்பாலானவை வரவைவிடச் செலவே அதிகமுள்ளவை.

இத்தனைக்கும் ஒஹையோ பணக்கார வீடு. நாட்டின் மேல்தட்டில் புட்பால் ஆடும் 130 சர்வகலாசாலைகளில், விளையாட்டு இலாகாவின் சொந்த வருமானம் செலவை மிஞ்சியது 2019-ல் இருபத்தைந்தில்தான். மற்ற இடங்களில் துண்டு விழுவதைச் சர்வகலாசாலையின் பொது நிதியும் மாணவர்கள் கட்டும் கட்டணமும் ஈடு கட்டுகின்றன. மைதானப் பக்கமே போகாத மாணவியும் அந்தக் கட்டணத்தைக் கட்டத்தான் வேண்டும்.

செலவில் பெரும் பகுதி எது? சம்பளம். பெரிய இலாகாக்களில் மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பயிற்சியாளர்களுக்கும் சிப்பந்திகளுக்கும் போகிறது. விளையாடும் மாணவ மாணவியருக்கான உபகாரச் சம்பளம் அதில் பாதிகூட இல்லை. அநேக மாகாணங்களில் அரசாங்கச் சம்பளம் வாங்குவோரில் முதல் இடம் கவர்னருக்கு இல்லை. சர்வகலாசாலையின் புட்பால் அல்லது பாஸ்கெட்பால் பயிற்சியாளருக்கு!

டெக்ஸாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலையில் ஜிம்போ ஃபிஷர் என்று ஒரு பயிற்சியாளர். 2023 நவம்பரில், போதிய வெற்றி இல்லை என்று அவரை விலக்கினார்கள். ஒப்பந்தப்படி மிச்ச வருஷங்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும்: ஏழரைக் கோடி டாலருக்கு மேல். வேலை பார்க்கச் சம்பளம் கேள்விப்பட்டிருக்கிறோம். வேலை பார்க்காமல் இருக்க இவ்வளவா?

அடுத்தது கட்டடம். தென் கரோலினாவில் கிளெம்சன் சர்வகலாசாலை 2017-ல் புட்பால் ஆட்டக்காரர்களுக்கென்றே ஐந்தரைக் கோடி டாலரில் ஒரு மாளிகை கட்டியது. உள்ளே முடி திருத்தும் இடம், சின்ன கோல்ப் மைதானம், தூங்குவதற்கு அறை. மாடியிலிருந்து கீழே வரப் படிக்கட்டு போதாதென்று ஒரு சறுக்கு மரமும்!

ஏன் இந்த ஆடம்பரம்? காரணம் லேசானது. வரதட்சிணை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது; உடனே பெண் வீட்டார் கல்யாணத்தை ஐந்து நட்சத்திர ஓட்டலில் நடத்தவில்லையா? அதே கதை. ஆட்டக்காரப் பையனுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று விதி. லாபத்தைப் பங்கு போட முதலாளிகளும் இல்லை. ஆனால் நாட்டிலேயே கெட்டிக்காரப் பையன்களை எப்படியாவது தம் பக்கம் இழுத்தாக வேண்டும். கையில் கொடுக்க முடியாததைக் கண்ணில் காட்டினார்கள்: பெயர் பெற்ற பயிற்சியாளர், பளபளக்கும் மாளிகை.

அண்ணன் கை வெறுங்கை

பையனுக்கு ஏன் பணம் கிடையாது? அவன் தொழிலாளி இல்லை, 'மாணவ-விளையாட்டு வீரன்' என்று அதற்குப் பதில் சொன்னார்கள். இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது.

1955-ல் கொலராடோ மாகாணத்தில், ஒரு சிறு கல்லூரிக்காக ஆடிய இளைஞர் மைதானத்தில் தலையில் அடிபட்டு இறந்து போனார். தொழிலாளி வேலையில் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் நஷ்ட ஈட்டை அவருடைய மனைவி கேட்டார். வழக்கு மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1957-ல் தீர்ப்பு வந்தது. கல்லூரி புட்பால் வியாபாரம் நடத்தவில்லை; இறந்தவர் கல்லூரியின் ஊழியரும் இல்லை; ஆகவே நஷ்ட ஈடு கிடையாது! அந்த இளம் விதவை வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

இத்தகைய வழக்குகளைச் சமாளிக்கவே அந்தச் சொல்லை உண்டாக்கிப் பரப்பினோம் என்று, கல்லூரி விளையாட்டுச் சங்கத்தை 1951 முதல் 1988 வரை நிர்வகித்த வால்டர் பையர்ஸ் பிற்காலத்தில் தாமே எழுதினார்.

அணை உடைந்தது 2021-ல். கல்வி சம்பந்தமான உதவிகளுக்குச் சங்கம் உச்ச வரம்பு கட்டக் கூடாது என்று அந்த ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகச் சொன்னார்கள். ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் விளம்பரங்களில் தோன்றிப் பணம் பெறலாம் என்றாயிற்று. பிறகு 2025 ஜூன் 6-ந் தேதி, கலிபோர்னியாவில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு ராஜிக்குச் சம்மதம் அளித்தார். அதன்படி அந்த ஜூலையிலிருந்து ஒவ்வொரு சர்வகலாசாலையும் தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் வருஷத்துக்கு உச்ச வரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். முன்பு ஆடியவர்களுக்குப் பழைய பாக்கியாக ஏறக்குறைய 280 கோடி டாலரைப் பத்து வருஷங்களில் தர வேண்டும்.

இந்த வழக்கு யார் பெயரில் நடந்தது தெரியுமா? கிராண்ட் ஹவுஸ் என்ற ஒரு நீச்சல் வீரர் பெயரில்! அவரோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தவர் செடோனா பிரின்ஸ் என்ற பாஸ்கெட்பால் வீராங்கனை. அண்ணனுக்காக வழக்காடியவர்கள் தம்பியும் தங்கையும்தான்.

தங்கையின் பங்கு

தங்கைக்கு அந்த வீட்டில் இடம் கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும். 1972-க்கு முன் அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டு அணிகளில் இருந்த பெண்கள் சுமார் 30,000 பேர்தான். அந்த வருஷம், சர்க்கார் பணம் வாங்கும் எந்தக் கல்விச் சாலையும் ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாது என்று சட்டம் வந்தது. சட்டத்தின் ஒன்பதாவது பகுதி என்பதால் 'டைட்டில் ஒன்பது' என்றே அதற்குப் பெயர் நிலைத்து விட்டது.

உடனே புட்பால்காரர்களுக்குக் கவலை பிறந்தது. 1974-ல் டெக்ஸாஸைச் சேர்ந்த செனட்டர் ஜான் டவர் ஒரு திருத்தம் கொண்டு வந்தார்: வருமானம் தரும் விளையாட்டுக்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டும். அதாவது, அண்ணன் சம்பாத்தியத்தில் தங்கை கணக்குக் கேட்கக் கூடாது! திருத்தம் கடைசியில் சட்டமாகவில்லை. ஆகவேதான் இன்று கல்லூரி அணிகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் விளையாட்டுக்கென்று ஒரு மந்திரி இலாகா கிடையாது. ஒலிம்பிக்குக்கு வீரர்களைத் தயார் செய்யும் பட்டறை இந்தக் கல்லூரிகளே. 2024-ல் பாரிஸில் அந்த நாடு வென்ற 40 தங்கப் பதக்கங்களில் 26 பெண்கள் வாங்கித் தந்தவை.

ஆனால் வீட்டில் பணமுடை வந்தால் முதலில் யார் செலவில் கை வைப்பார்கள்? மறுபடியும் அயோவாவுக்கு வாருங்கள்.

2020 ஆகஸ்டு. கொரோனா நோயினால் புட்பால் ஆட்டங்களைப் பிக் டென் கூட்டு ஒத்தி வைத்தது. பத்து நாள் கழித்து அயோவா ஒரு அறிவிப்பு வெளியிட்டது. வருமானத்தில் 10 கோடி டாலர் போய்விடும், ஆறு கோடி முதல் ஏழரைக் கோடி வரை துண்டு விழும், ஆகவே நான்கு அணிகளைக் கலைக்கிறோம்: ஆண்கள் டென்னிஸ், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், ஆண்கள் நீச்சல், பெண்கள் நீச்சல். நீச்சலில் 'பட்டாம்பூச்சி' என்று ஒரு முறை உண்டு அல்லவா? 1930-களில் அந்த முறை உருவானதில் இந்த அயோவா நீச்சல் குளத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பெருமையெல்லாம் கணக்கு நோட்டில் வரவாகாது.

வேடிக்கை என்னவென்றால், அக்டோபரில் புட்பால் திரும்பி வந்துவிட்டது. கலைத்த அணிகள் கலைத்தபடியே இருந்தன.

நீச்சல் பெண்கள் நால்வர் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள் கட்சி இதுதான்: சர்வகலாசாலையில் படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். புட்பால் அணி ஒன்றிலேயே நூறு ஆண்களுக்கு மேல் இருக்கிறார்கள். அதற்கு ஈடாகப் பெண்களுக்கு எதுவும் இல்லை. ஏற்கெனவே குறைவாக உள்ள எங்கள் பங்கை மேலும் குறைக்கலாமா? டிசம்பரில் நீதிபதி தடை உத்தரவு போட்டார். 2021 பிப்ரவரியில் பெண்கள் நீச்சல் அணி திரும்ப வந்தது. அத்துடன் நிற்கவில்லை. அதே வருஷம் பெண்கள் மல்யுத்த அணி ஒன்றும் புதிதாக அறிவிக்கப்பட்டது. குளத்தைக் கேட்கப் போனவர்களுக்குக் கோதாவும் சேர்ந்து கிடைத்தது! 2024-ல், கோதாவில் இறங்கிய முதல் வருஷத்திலேயே, அந்தப் பெண்கள் நாட்டின் சாம்பியன் பட்டத்தை வாங்கி வந்தார்கள்.

மற்ற மூன்று ஆண்கள் அணிகள்? அவை திரும்பவில்லை. சட்டம் தங்கைக்குக் கை கொடுத்தது, தம்பிகளுக்குக் கொடுக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லத்தானே வேண்டும்?

புதிய சிக்கல்

இப்போது அண்ணனுக்குச் சம்பளம் வந்துவிட்டது. நியாயம்தான்; உடம்பை உடைத்துக்கொண்டு சம்பாதித்தவன் அவன். ஆனால் சம்பளக் கவரிலிருந்து புதிதாக ஒரு பெரும் தொகை வெளியே போகிறது. அதை எந்தச் செலவில் குறைப்பது?

பழைய பாக்கியைப் பங்கிட்ட முறையைப் பாருங்கள். பெரிய இடங்களில் நூறு டாலரில் 75 புட்பாலுக்கு, 15 ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கு, ஐந்து பெண்கள் பாஸ்கெட்பாலுக்கு. மற்ற அத்தனை பேருக்கும் சேர்த்து ஐந்து. இது ஒன்பதாவது பகுதிச் சட்டத்துக்கு விரோதம் என்று எட்டு வீராங்கனைகள் 2025 ஜூனிலேயே மேல்முறையீடு செய்தார்கள். இனிமேல் தரப்போகும் பணத்தையும் பெண்களுக்குச் சட்டப்படி பங்கிட வேண்டும் என்று 2025 ஜனவரியில் கல்வி இலாகா சொன்னது. ஆட்சி மாறியது, பிப்ரவரியில் அதை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

கத்தி விழவும் தொடங்கியது. 2025 மார்ச்சில் கலிபோர்னியாவில் கால் பாலி சர்வகலாசாலை ஆண், பெண் இரு நீச்சல் அணிகளையும் கலைத்தது. வரப்போகும் ராஜியின் செலவையும் அதற்கு ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

நோட்டில் எழுதாத செலவு ஒன்றும் உண்டு. டெலிவிஷன் பணத்துக்காகப் பிக் டென் கூட்டு அகலக் கால் வைத்ததில், லாஸ் ஏஞ்சல்ஸ் பெண்கள் வாலிபால் ஆட வேண்டுமானால் நாட்டின் மறு கோடியிலுள்ள நியூ ஜெர்ஸி வரைகூடப் பறக்க வேண்டியிருக்கிறது. புட்பால் வாரத்துக்கு ஒரு ஆட்டம். மற்ற அணிகளுக்கு அப்படி இல்லை. அண்ணன் உத்தியோகத்துக்காக வீட்டை மாற்றினார்கள். தங்கைக்குப் பள்ளிக்கூடம் தூரமாய்ப் போய்விட்டது.

தங்கையும் சம்பாதிப்பாள்

"பெண்கள் ஆட்டத்தை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்?" என்று கேட்கிறவர்கள் அங்கேயும் உண்டு. அவர்களுக்கு மூன்று கணக்குகள்.

2023 ஆகஸ்டு 30-ந் தேதி, நெப்ராஸ்கா சர்வகலாசாலையின் புட்பால் மைதானத்தில் பெண்கள் வாலிபால் ஆட்டம் ஒன்று நடந்தது. வந்தவர்கள் 92,003 பேர். அதே வருஷம் அக்டோபரில், நாம் முன்பு பார்த்த கின்னிக் மைதானத்தில் அயோவாப் பெண்கள் பாஸ்கெட்பால் ஆடினார்கள். கேட்லின் கிளார்க் என்ற கெட்டிக்காரப் பெண்ணைப் பார்க்க 55,646 பேர் திரண்டார்கள். 2024-ல் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், டெலிவிஷனில் ஆண்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்களைவிடப் பெண்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்களே அதிகம். ஒரு கோடியே எண்பது லட்சம் பேருக்கு மேல்.

ஐம்பது வருஷம் அண்ணன் சம்பாத்தியத்தில் வளர்ந்த தங்கை, தானும் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டாள். 1974-ல் அந்தத் திருத்தம் சட்டமாகியிருந்தால் இந்த நாள் வந்திருக்குமா?

குடித்தனம் நடத்துகிற உங்களுக்கு நான் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முடை வந்தால் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும். அண்ணனுக்கும் கையில் பணம் வேண்டும். தங்கையின் குளமும் வற்றக் கூடாது. இரண்டும் நடக்க வேண்டுமானால் அந்த நோட்டில் அடிக்க வேறு வரி இல்லாமல் இல்லை. மாமாவின் மோட்டார் இருக்கிறது. மாடியிலிருந்து இறங்கச் சறுக்கு மரம் இருக்கிறது. வீட்டில் இல்லாமல் இருப்பதற்காக மாமாவுக்குக் கொடுக்கும் ஏழரைக் கோடி இருக்கிறது.

அந்த நோட்டு உங்கள் கைக்கு வந்தால், நீங்கள் முதலில் எந்த வரியை அடிப்பீர்கள்?